காற்றை மறித்த விளக்குகள்

லொறிக்கு இன்னும் இரண்டு விளக்குப் பூட்டுவது பெரிய வித்தை இல்லை ஐயா. வயரைக் கொடுத்தால் வெளிச்சம் வரும். எங்கே பூட்டுகிறான் என்பதை வைத்துத்தான் வேலைக்காரனை மதிக்க வேண்டும்.

டீசல் எஞ்சினுக்கு முன்னால் றேடியேற்றர் நிற்கும். அதில் காற்றுப் பட்டால்தான் உள்ளே ஓடுகிற தண்ணீர் ஆறும். அதன் முகத்தை மறித்து விளக்கைப் பூட்டினால், சமதரையில் ஒன்றும் தெரியாது. ஏற்றம் வந்ததும் தண்ணீர் கொதித்துப் பொங்கும். ஆகவே பம்பரின் இரண்டு கரையிலும், தாழ்வாக, காற்றுக்கு வழி விட்டுப் பூட்ட வேண்டும். கல்லடி ஊரில் பதினைந்து வருடமாக இந்த வேலை செய்கிறேன். நான் விளக்குப் பூட்டிய லொறி ஒன்றுகூடக் கொதித்ததில்லை. காத்தான்குடி முதலாளிமாரிடம் கேட்டுப் பாருங்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. இந்த இளையதம்பிக்குக் கை தவறிவிட்டது என்று நீங்கள் பொலிஸ் புத்தகத்தில் எழுதிவிடக் கூடாது, அதற்காகத்தான்.

எனக்கு ஒரே மகள், கண்ணகை. மூன்று வயதில் தாயைத் தின்ற பிள்ளை என்று ஊரார் சொன்னார்கள். நான் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. கண்ணுக்குள் வைத்து வளர்த்தேன். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்கு வருவார். நானும் கல்வீடு கட்டி, மகள் பேரில் சீதனமாக எழுதிவிட்டு, பின்வளவில் குடிசை போட்டுக்கொண்டேன். பழுகாமத்து யோகராசா மருமகனாக வந்தார். லொறி ஓட்டுகிற பொடியன், நல்ல பிள்ளை. அவரில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

உலகச் சண்டை முடிந்து, வெள்ளைக்காரப் பட்டாளம் ஏலத்தில் விட்ட டீசல் லொறி ஒன்றை மலைநாட்டுப் பதுளை முதலாளி ஒருவர் வாங்கினார். அதை ஓட்டுகிற வேலை யோகராசாவுக்குக் கிடைத்தது. பதுளையில் இருக்கிற அவருடைய அக்காதான் பிடித்துக் கொடுத்தாவாம். லொறியைக் கொண்டுவந்து என் கராச்சில் விட்டுவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"மாமா, அங்க ஏத்தத்தில ஒரே பனி மூட்டம். முன்னுக்கு ரெண்டு விளக்குப் பூட்டித் தாங்க. முதலாளி வீடும் தாறாராம். நான் போய் எல்லாத்தையும் ஒழுங்கு பண்ணிட்டு, மறுகா வந்து கண்ணகையக் கூட்டிப் போறன்."

"பொம்புளப் புள்ள வீட்ட விட்டுப் போற வழக்கம் நமக்கில்லயே, மருமகன்."

"காலம் மாறிப் போச்சு மாமா," என்று சிரித்தார்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணகையைக் கேட்டேன். "நான் போகத்தானே வேணும் அப்பா. நீங்க தனிய இருப்பீங்கதானே," என்றாள். என்னவோ நான் உப்பு வாங்கக் கடைக்குப் போகிற மாதிரி. அவளுடைய சத்தம் இல்லாத வளவை நினைத்துப் பார்த்தேன். மூன்று நாள் பிள்ளையார் கோயிலில் போய் அழுதேன். நாலாம் நாள் விளக்கைப் பூட்டத் தொடங்கினேன்.

றேடியேற்றருக்கு நேர் முன்னால், குறுக்காக ஓர் இரும்பு வைத்துப் பூட்டினேன். தாம்பாளம் போல இரண்டு விளக்கு. கல் அடிக்காமல் இருக்க என்று பின்னால் ஒரு தகரமும் அடித்தேன். றேடியேற்றரின் முகத்தில் முக்கால்வாசி மூடிப் போயிற்று. யோகராசா குனிந்து பார்த்தார்.

"காத்துப் போகுமா மாமா?"

"ஓம், போகும்," என்றேன். என் வேலையில் ஒரு நாளும் பொய் இருந்ததில்லை என்பதால் அவர் நம்பினார்.

வழியில் கொதித்து நின்றால் வெறுத்துப்போய்த் திரும்பி வருவார், அவ்வளவுதான் நினைத்தேன் என்று உங்களிடம் சொல்லலாம். இங்கே வரும்போது அப்படிச் சொல்லத்தான் இருந்தேன். ஆனால் அந்தப் பதுளை ரோட்டு எனக்குத் தெரியும். முந்தின மாதம் உடைந்து நின்ற பஸ் ஒன்றைத் திருத்த நான் அங்கே போனவன். புல்லுமலை தாண்டி ஏற்றம். ஏற்றத்தடியில் ஒரு குளம். வேறு தண்ணீர் இல்லை. பொழுது சாய்கிற நேரம் அந்தக் குளத்துக்கு ஒரு தனியன் யானை வரும். எருது வண்டிக்காரன் ஒருவனை அது அடித்துக் கொன்று எட்டு நாள்கூட ஆகவில்லை என்று பஸ்காரர் சொன்னார்கள். யோகராசாவுக்கு நான் அதைச் சொல்லவில்லை.

அவர் காலையில் புறப்பட நின்றார். "சாப்பிட்டுப் போங்க மருமகன், வாவி நண்டு வாங்கி வச்சிருக்கன்," என்று மறித்தேன். கண்ணகை கறி ஆக்கினாள். இரண்டு தரம் சோறு போட்டுக்கொண்டார். அவர் கை கழுவுகிற நேரம் நான் றேடியேற்றருக்கு ஊற்ற லொறியில் வைத்திருந்த தண்ணீர்த் தகரத்தை இறக்கிக் கிணற்றடியில் வைத்தேன். மூன்று மணிக்குப் புறப்பட்டார். கணக்குப் பிழைக்கவில்லை. மறுநாள் லொறி ஏற்றத்தில் நின்றதாம், அதன் வாளி குளக்கரையில் கிடந்ததாம். அவரை ஒரு சாக்கில் கொண்டுவந்தார்கள்.

யானைக்கு வழக்கு வைக்க முடியாது என்று அன்று நீங்களே சொன்னீர்கள். அதோடு எல்லாம் முடிந்தது என்று நானும் நிம்மதியாக இருந்தேன். முப்பத்தோராம் நாள் கிரியையும் முடிந்தது. இனி அவளும் நானும் என்றிருந்தேன். இன்று மத்தியானம் கண்ணகை பெட்டி அடுக்குகிறாள்.

"பதுளை மச்சாள் வரச் சொல்லிட்டா அப்பா. இஞ்ச எனக்கு இருக்க ஏலாது. நாளைக்குப் போறன்."

காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். கேட்கவில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன? அதுதான் நேரே இங்கே வந்தேன்.

நான் தண்ணீர்த் தகரத்தை இறக்கியதை அவள் ஒருத்திதான் கண்டவள். கழுவத்தான் இறக்குகிறேன் என்று நினைத்திருப்பாள். அவள்தான் உங்கள் முதல் சாட்சி. கொலை வழக்கு முடியும் வரை சாட்சிக்காரியை ஊரை விட்டுப் போக விடமாட்டீர்களாமே? வழக்குக் கோட்டு வாசலில் நிற்கிற புரோக்கர் சொன்னான். என்னைத் தூக்கில் போடுங்கள், அதைப்பற்றி ஒன்றுமில்லை. பதுளை பஸ் காலை ஆறு மணிக்கு ஐயா. அதற்கு முன்னம் ஒரு பொலிஸ்காரரை எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.