மடியில் ஒரு சாவி

“நமக்க குடலுக்க சீக்கு வயித்துல இல்ல மக்கா, சந்தையிலயாக்கும்.”

கடியப்பட்டணம் போகும் மத்தியானப் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இருந்த மீன்காரி சொன்னாள். பக்கத்தில் இன்னொரு மீன்காரி, வயதில் இளையவள். இருவர் காலடியிலும் காலிச் சட்டிகள்.

“அதெப்படிக்கா?”

“ஒரு நாளு இறுகும், ஒரு நாளு இளகும். பழமும் கஷாயமும் தின்னு பாத்தேன், கேக்கல்ல. டாக்டரு, ‘தண்ணி குடிப்பியளா? முட்டும்போ போவியளா?’ன்னு கேட்டாரு. விடியக்காலம் சந்தைக்குப் போனா மத்தியானம் வர போவ எடம் ஏது? அதினால தண்ணியே குடிக்கியதில்ல. ‘அடக்கி அடக்கி, குடலு ஒங்கள கூப்பிடதயே விட்டுட்டு’ன்னு சொல்லிட்டாரு.”

“எனக்கும் அப்பிடித்தானேக்கா!”

“எனக்க சந்தையில பதினோரு பேருட்ட கேட்டேன், எல்லாருக்கும் இதே சீக்கு. கக்கூசக் கெட்டி, பூட்டிப் போட்டிருக்கானுவ. பதினோரு பேரும் நானுமா மீன்சட்டியோட பஞ்சாயத்து ஆபீசு வாசல்ல போயி இருந்தோம். யாருக்கும் ஒரு மீனு விக்கல்ல. வெயிலு ஏறிச்சு, மீனு நாறிச்சு. நாங்க எடத்த விட்டு அனங்கல்ல.”

“பின்ன?”

அவள் மடியிலிருந்து ஒரு சாவியை எடுத்து உயர்த்திப் பிடித்தாள். நடத்துநர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

“ஆபீசரு மூக்கப் பொத்திட்டே கொண்டு தந்தாரு.”

சாவியைத் திரும்ப முடிந்துகொண்டு, தண்ணீர் பாட்டிலைத் திறந்து பாதியைக் குடித்தாள். மீதியை இளையவளிடம் நீட்டினாள்.

“எங்க சந்தையில கக்கூசே இல்லியேக்கா.”

“ஒனக்க மீனு நாறும்லா? அது போரும். குடி.”