நான்காவது தீர்மானத்தை முன்மொழிய வந்தேன்

அவைக்குத் தலைமை ஏற்று, ஆடுகிற நாற்காலியிலும் ஆடாமல் வீற்றிருக்கும் கழகத் தலைவர் கலியாணசுந்தரம் அவர்களே! அவருக்கு இருபுறமும் அமர்ந்து, அச்சிட்ட ஆண்டறிக்கையை விசிறியாக்கி வீசிக்கொண்டிருக்கும் செயற்குழுப் பெருமக்களே! கப்பல் ஓடிய நாளிலும் கவிழ்ந்த நாளிலும் குளக்கரையில் குடை பிடித்து நின்ற பெரியோர்களே! ஞாயிற்றுக்கிழமைச் சமையலை முடித்துவிட்டோ, முடிக்காமலோ முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே! கம்போங் செட்டியிலிருந்து நடந்தே வந்திருக்கும் நண்பர்களே, உங்களுக்கென்று தனியாக மலாயில் ஒரு நல்வரவு, செலாமாட் தத்தாங்! புக்கிட் ரம்பாயிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து இன்னும் வியர்வை காயாத தோழர்களே! உங்கள் அனைவருக்கும் காஜா பெராங் சிறுபாய்க்கலக் கழகத்தின் நேரக்காப்பாளன் விநாயகம் தெரிவித்துக்கொள்ளும் வணக்கம்.

கைதட்டலைக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். தட்டலாமா வேண்டாமா என்பதை நான் பேசி முடித்த பிறகு நீங்களே முடிவு செய்யலாம்.

நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள். நான்காவதாக ஒரு தீர்மானம் இருக்கிறது. "வானொலிப் பந்தயத்தில் பெண் உறுப்பினர்கள் கலம் செலுத்த வேண்டியதில்லை, கரையிலிருந்து ஊக்கம் அளித்தால் போதுமானது." முன்மொழிபவர் விநாயகம் என்று போட்டிருக்கிறது. அந்த விநாயகம் நான்தான். செயற்குழு கேட்டுக்கொண்டது, நானும் சம்மதித்தேன். அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

புதிதாக வந்தவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். செங்கல் சூளைக்கு மண் எடுத்த குட்டையில் மழைநீர் நின்று குளமானது. அந்தக் குளத்தில் மூன்றடி நீளக் கப்பல்களை மிதக்கவிட்டு, மூவர்ணப் பாய் விரித்து, மீசை நரைத்தவர்களெல்லாம் பந்தயம் நடத்துகிறோம். எதற்கு? கேட்காதீர்கள். என் மனைவி உமையாள் எட்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார், பதில் இன்னும் கிடைக்கவில்லை. அதோ, அவரே தலையாட்டுகிறார், பாருங்கள்!

முன்பெல்லாம் கப்பலைக் காற்றின் கையில் ஒப்படைத்துவிட்டுக் கரையில் கூடவே ஓடுவோம். நம் மலாய் நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டில் நம் ரேடியோக்காரர் கருணாகரன் ஒரு புதுமை செய்தார். பழைய ரேடியோவின் வால்வுகளைப் பிஸ்கட் டின்னுக்குள் பூட்டி, மேலே நீளமான ஏரியல் கம்பியையும் ஒரே ஒரு பொத்தானையும் வைத்தார். கரையில் நின்று பொத்தானை அமுக்கினால் குளத்து நடுவில் கப்பலின் சுக்கான் திரும்பியது! கம்பியில்லை, கயிறில்லை, கண்ணுக்குத் தெரிகிற கையும் இல்லை! அன்று நாங்கள் வாயைப் பிளந்தோம். மறுநாளே உரிமச் சீட்டுக்கு மனு எழுதி, ஆளுக்கொரு டின் கேட்டு அவர் கடை வாசலில் வரிசையில் நின்றோம்.

ஆனால் அந்த ஒற்றைப் பொத்தானுக்கு ஒரு குணம் உண்டு. முதல் அமுக்கு இடம், அடுத்த அமுக்கு வலம். மறுபடி இடம், மறுபடி வலம். கடைசியாக எந்தப் பக்கம் அமுக்கினோம் என்பதை மனத்தில் வைத்திருக்க வேண்டும். எண்ணிக்கை ஒன்று பிசகினால், வலம் என்று அமுக்குவோம், கப்பல் இடம் போகும். இன்னொரு குணமும் உண்டு. எல்லா டின்களும் ஒரே அலையில் பேசுகின்றன. ஒருவர் பொத்தானை அமுக்கினால் அடுத்தவர் கப்பலும் அதைக் கேட்டு ஆடும். ஆகவேதான் நம் பந்தயத்தில் ஒரு நேரத்தில் ஒரே கப்பல். ஒருவர் ஓட்டும்போது மற்றவர்கள் டின்னை நேரக்காப்பாளர் மேசையில் ஒப்படைக்க வேண்டும். விசை அணைந்திருக்கிறதா என்று பார்த்து வாங்கி வைப்பது நேரக்காப்பாளர் கடமை. ஐந்தாம் விதி. அந்த விதியை எழுதியவனும் நான்தான்.

இனி சித்திரை மாத இறுதிப் பந்தயத்துக்கு வருகிறேன். வெற்றி பெறுபவருக்குக் கோப்பை, அவரே நம் கழகத்தின் சார்பில் சிங்கப்பூர்ப் போட்டிக்குப் போவார் என்று ஏற்பாடு. இறுதிக்கு வந்தவர்கள் இருவர். ஒருவர் ரப்பர் கம்பெனியில் கணக்கு எழுதும் பெரிய கிராணி சேதுராமன். மற்றவர் தொலைபேசி நிலையத்தில் இணைப்புப் பலகை பார்க்கும் சந்திரமதி. தேயிலைப் பெட்டியின் பலகையை இழைத்துத் தன் கப்பலைத் தானே செய்தவர். அதற்கு அன்னம் என்று பெயர். இருவருமே இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். ஒருவர் இந்தக் கோடியில், ஒருவர் அந்தக் கோடியில்.

முதலில் சேதுராமன் ஓட்டினார். மூன்று மிதவைகளைச் சுற்றிவர அவருக்கு ஆனது பதினோரு நிமிடம் இருபது நொடி. கழகச் சாதனை! ஆரவாரம் அடங்குவதற்குள் அவர் கழுத்தில் மாலை விழுந்தது, தோளில் துண்டு விழுந்தது, அவரைத் தூக்கவும் இருவர் வந்தார்கள். அந்த நெரிசலில் டின்னை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

பிறகு சந்திரமதி. முதல் மிதவையைத் தொட்டபோது அன்னம் பன்னிரண்டு நொடி முன்னால் இருந்தது. நான் நேரத்தைக் குறித்தேன். உடனே அன்னம் இடப்பக்கம் வெட்டிக் கோரைப்புல்லுக்குள் மூக்கை நுழைத்தது. அவர் வலம் அமுக்கினார், அது இன்னும் இடம் போனது. எப்படியோ மீட்டு வந்தார். இரண்டாம் மிதவையிலும் அதே கதை, மூன்றாம் மிதவையிலும் அதே கதை. முடித்தபோது பதினான்கு நிமிடம் ஐந்து நொடி.

கரை சிரித்தது. சும்மா சிரிக்கவில்லை, விழுந்து விழுந்து சிரித்தது. "அடுப்புல பால் பொங்குதுன்னு ஞாபகம் வந்திருக்கும்லா!" என்று ஒரு குரல். இருங்கள், இருங்கள், யார் சொன்னது என்று திரும்பிப் பார்க்க வேண்டாம், சொன்னவருக்கு வேர்க்கிறது. நானும் சிரித்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

சந்திரமதி நேராக என் மேசைக்கு வந்தார். அழவில்லை.  "அண்ணே, நான் எண்ணிக்கை தப்பலை. ஒரே நேரத்துல நாப்பது பேரு கூப்பிட்டாலும் எந்தக் கம்பி எந்தத் துளைக்குன்னு எனக்குத் தெரியும். ரெண்டு வரைக்கும் எண்ணத் தெரியாதா? யாரோ இன்னொரு டின்ல அமுக்கியிருக்காங்க" என்றார்.

இன்னொரு டின் யாருடையது? எல்லாத் தலைகளும் சேதுராமன் பக்கம் திரும்பின. அவர் மாலையைக் கழற்றி எறிந்துவிட்டு, "நான் தொடவே இல்லைலா! என் பிள்ளைங்க மேல சத்தியம்! டின்னு விநாயகத்துகிட்டதானே இருந்துச்சு, பாருங்க!" என்றார். செயற்குழு வந்து பார்த்தது. டின் என் மேசையில், ஆளில்லாமல், அணைந்து கிடந்தது. ஆகவே குற்றமில்லை. ஆகவே சந்திரமதிக்குக் கை நடுங்கிவிட்டது. ஆகவே இந்த நான்காவது தீர்மானம்! எவ்வளவு ஒழுங்காக ஒன்றிலிருந்து ஒன்று பிறந்திருக்கிறது பாருங்கள்.

ஒருவர் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டிலும் மலாயே பேசும் கம்போங் செட்டி தம்பிராஜா அவர்கள் தண்ணீர் ஓரத்தில் நின்றிருந்தவர். "தியா தா சாலா. காப்பால் பூசிங் டூலு, பாரு தியா தெக்கான்" என்றார். அவள்மேல் தப்பில்லை, கப்பல் முதலில் திரும்பியது, அதற்குப் பிறகுதான் அவள் அமுக்கினாள் என்று அதற்குப் பொருள். நாமெல்லாம் பாசாரில் மீன் வாங்குவதே மலாயில்தானே! புரியாதவர் யார்? ஆனால் நம் கூட்டக் குறிப்பு தமிழில் எழுதப்படுவது. மலாயில் சொன்னதை யாரும் குறிப்பில் ஏற்றவில்லை. குறிப்பில் இல்லாதது நடக்கவில்லை என்று நாம் பழகிவிட்டோம். தம்பிராஜா அவர்களே, மின்தா மாஅஃப். நாங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியது உங்களிடமும்தான்.

அதற்குப் பிறகு நாலு மாதம். தொலைபேசி நிலையத்தில் சந்திரமதி பலகை முன்னால் உட்காரும்போதெல்லாம், "அக்கா, இது இடமா வலமா?" என்று கேட்டுச் சிரித்தார்களாம். ஒவ்வொரு ஞாயிறும் குளக்கரைக்கு வந்தார், அன்னத்தை மட்டும் தண்ணீரில் விடவே இல்லை. சேதுராமன் கதியும் அதேதான். டின்னில் ஏதோ தந்திரம் வைத்திருந்தார் என்று ஊர் அவர் முதுகுக்குப் பின்னால் பேசியது. "என் பேரு தெளியிற வரைக்கும் இதைத் தொட மாட்டேன்" என்று டின்னை என்னிடமே விட்டுவிட்டு, சிங்கப்பூர் போகவும் மறுத்துவிட்டார். ஒரு பந்தயம், இரண்டு பேர், இரண்டு பேருக்கும் தலைகுனிவு. நடந்தது என்ன?

சென்ற மாதம் ஒரு நாள் காலை, ஆண்டறிக்கைக்காகப் பந்தய நேரங்களைப் பெயர்த்தெழுதப் பதிவேட்டோடு குளக்கரை மேசையில் உட்கார்ந்திருந்தேன். கருணாகரன் தன் புதுக் கப்பலைச் சோதித்துக்கொண்டிருந்தார். சேதுராமன் டின்னில் கோளாறு உண்டா என்று பார்ப்பதற்காக, அதை முடுக்கி என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். நம் மேசை தாழ்வு என்பது உங்களுக்குத் தெரியும், எனக்கு முதுகு வலி என்பதும் தெரியும். வழக்கம்போல டின்னை முன்னால் இழுத்து, அதன்மேல் பதிவேட்டை விரித்து எழுத ஆரம்பித்தேன்.

குளத்திலிருந்து கருணாகரன் சத்தம் போட்டார். "அண்ணே, என்ன பண்றீங்க?"

"எழுதுறேன்பா."

"எழுதாதீங்க!"

நிறுத்தினேன். "இப்ப எழுதுங்க!" என்றார். எழுதினேன். "நிறுத்துங்க!" நிறுத்தினேன். முழங்கால் தண்ணீரிலேயே நின்றபடி என்னை ஒரு பார்வை பார்த்தார். "அண்ணே, நீங்க எழுதினா என் கப்பல் திரும்புது."

சிரிக்கிறீர்கள். நானும் முதலில் சிரித்தேன். பிறகு பதிவேட்டைத் தூக்கிப் பார்த்தேன். அதற்கு அடியில், டின்னின் தலையில், அந்தப் பொத்தான்! பதிவேடு சும்மா கிடந்தால் அது அமுங்காது. மணிக்கட்டை ஊன்றி ஓர் எண் எழுதினால் ஓர் அமுக்கு. இன்னோர் எண் எழுதினால் இன்னோர் அமுக்கு. எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. 

அவையோரே, இப்போது நினைத்துப் பாருங்கள்! சித்திரையில், மாலை நெரிசலில், சேதுராமன் வைத்துவிட்டுப் போன டின்னின் விசை அணைந்திருந்ததா? இல்லை. பார்க்க வேண்டியவர் யார்? நான். பார்த்தேனா? பார்க்கவில்லை. பதிவேட்டை அதன்மேல் விரித்தவர் யார்? நான். முதல் மிதவையில் சந்திரமதியின் நேரத்தை எழுதியவர் யார்? நான். நான் எழுத எழுத அவர் கப்பல் திரும்பியது. நான் எழுத எழுத அவர் எண்ணிக்கை பிசகியது. அவர் பன்னிரண்டு நொடி முன்னால் இருக்கிறார் என்று அழகாக எழுதிய அந்தக் கையே அவரைப் பின்னால் இழுத்தது! பந்தயம் முடிந்ததுமே, கரை சிரித்துக்கொண்டிருந்தபோதே, சாமான்களை அடுக்குகையில், பழக்கத்தில் அந்த விசையைத் தள்ளி அணைத்ததும் நானே. இப்போது நினைவு வருகிறது. செயற்குழு வந்து பார்த்தபோது டின் ஏன் அணைந்திருந்தது என்பதற்கு அதுதான் விடை.

சேதுராமன் பொய் சொல்லவில்லை. அவர் தொடவில்லை. சந்திரமதி பொய் சொல்லவில்லை. அவர் எண்ணிக்கை தப்பவில்லை. தப்பியவன் ஒருவன்தான். அவனுக்கு எதிராக எந்தத் தீர்மானமும் வரவில்லை, ஏனென்றால் தீர்மானங்களை எழுதிக்கொண்டிருந்தவனே அவன்தான்.

இதைப் பதினைந்து நாளாக நான் யாரிடமும் சொல்லவில்லை. கருணாகரனிடமும் வாயைத் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். வெட்கம்! வேறு காரணம் எதுவும் இல்லை.

பொறுங்கள். சந்திரமதி எழுந்து நிற்கிறார். சொல்லுங்கள் அம்மா. பின்வரிசைக்குக் கேட்கவில்லையாம், நானே திருப்பிச் சொல்கிறேன். "கப்பை இப்ப எனக்கு மாத்திக் கொடுத்துராதீங்க. எனக்கு அது வேணாம். மறுபடி ஓட்டணும்" என்கிறார். சேதுராமன்? கையைத் தூக்கிவிட்டார்! "நானும் ஓட்டுறேன், டின்னை இவருகிட்ட கொடுக்க மாட்டேன்" என்கிறார். நியாயம். முழு நியாயம். நேரக்காப்பாளர் பதவியை இந்த மேடையிலேயே விட்டுவிடுகிறேன், தலைவர் வேறு ஆளைப் பார்க்கட்டும்.

இன்னும் ஒரே ஒரு கருத்து. நாடு விடுதலை பெற்று நாலு ஆண்டு ஆயிற்று. விடுதலை என்றால் என்ன? கொடியா? கோலாகலமா? கோப்பையை வெல்வதா? வெல்கிறவருக்கு மட்டும் என்று எவரும் விடுதலை வாங்கவில்லை. என் சுக்கானை நான் திருப்புவேன். தப்பாகத் திருப்பினால் அந்தத் தப்பும் என்னுடையது! அதற்குப் பெயர்தான் விடுதலை. மறுபந்தயத்தில் சந்திரமதி வெல்லலாம். தோற்கவும் தோற்கலாம், காற்று யாருக்கும் உறவில்லை. வென்றால் அவர் கையால் வெல்லட்டும்! தோற்றால் அவர் கையால் தோற்கட்டும்! என் கையால் வேண்டாம்! உங்கள் கையால் வேண்டாம்! எந்தத் தீர்மானத்தின் கையாலும் வேண்டாம்!

தலைவர் அவர்களே, நான்காவது தீர்மானத்தை நான் முன்மொழியவில்லை. முன்மொழிய ஆளில்லாத தீர்மானம் விழுந்துவிடும் என்பது நம் விதி. வேறு யாராவது முன்மொழிய விரும்பினால் வாருங்கள், ஒலிபெருக்கி இதோ, நான் தள்ளி நிற்கிறேன்.

ஒருவருமில்லையா?

செயற்குழுவிலிருந்து? பின்வரிசையிலிருந்து? பால் பொங்கியது என்று சொன்னவர்?

நல்லது. மண்டபத்தில் எழுந்து நிற்பவர் சந்திரமதி ஒருவர்தான். அவர் இன்னும் உட்காரவில்லை.

பொறுமையாகக் கேட்ட பெரியோர்க்கும், பொறுமை இழந்தும் எழுந்து போகாத தாய்மார்க்கும், குறிப்பில் ஏறாத உண்மையைச் சொன்ன நண்பருக்கும் என் நன்றி. சந்திரமதி அம்மா, சேதுராமன் ஐயா, உங்கள் இருவருக்கும் இந்த மேடையிலிருந்து தலை வணங்குகிறேன். வணக்கம்.