தாய்மாமனுக்கு விசா வேணுமாம்

— பாஸ்போட் மட்டும் காணாதண்ணை, போதாது. அது என்ன, கிளிநொச்சியிலையிருந்து பரந்தனுக்குப் போற றோட்டே? ரெண்டு நாட்டுக்கு நடுவிலை கிடக்கிற எல்லை. இஞ்சாலை கனடா, அங்காலை அமெரிக்கா. நிண்டுகொண்டு கேக்கிற விசயமில்லை, கதிரையை இழுத்து வடிவா இருங்கோ.

— இருக்கிறன் தம்பி. நான் கேட்டது சின்ன விசயம். மகன் யதுர்ஷன் ரொறன்ரோவிலை, கனடாப் பாஸ்போட்டும் எடுத்திட்டான். மகள் அனோஜா எல்லைக்கு அங்காலை, பஃபலோவிலை. காரிலை வெளிக்கிட்டால் காலமைச் சாப்பாட்டுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் இடையிலை போயிடலாமாம். அவன் போய்த் தங்கச்சியைப் பாக்கிறதெண்டால் அந்தப் பாஸ்போட் காணுமோ, காணாதோ?

— காணாது. விசா வேணும்.

— கனடாக்காரனுக்குமோ?

— கனடாக்காரனுக்கும்தான். முந்தி இல்லை, இப்ப இறுக்கிப்போட்டாங்கள். விசாவுக்கு முதல் இன்ரர்வியூ. இன்ரர்வியூவுக்கு முதல் ஒரு கடிதம். கடிதத்துக்கு முதல் ஒரு நம்பர். அந்த நம்பர் வாறதுக்குள்ளை எங்கடை பெடியளுக்குத் தலை நரைச்சுப்போகும். இந்த யோகநாதன் சும்மா கதைக்கமாட்டான் அண்ணை, பிளேன் ரிக்கற் போடுற கடையிலை இருக்கிறவனுக்கு இது தெரியாதே.

— அப்பிடியே.

— அப்பிடித்தான். பிளேன்ரீ குடிப்பியள்தானே? அக்கராயனிலையிருந்து பஸ்ஸிலை குலுங்கி வந்திருக்கிறியள்.

— பேந்து குடிப்பம். தர்மபுரத்திலை எங்கடை சம்பந்தியம்மா தங்கம்மா இருக்கிறாவெல்லே, மருமோன் நிருஷன்ரை தாய். அவவின்ரை தங்கச்சி மகனும் ரொறன்ரோதான். ஞாயிற்றுக்கிழமையிலை பஃபலோவுக்குப் போய், பாலும் பெற்றோலும் மலிவா வாங்கிக்கொண்டு பின்னேரம் வீட்டை வந்திடுவானாம். பிள்ளையளையும் ஏத்திக்கொண்டு போறவனாம்.

— பால் வாங்கப் போறவைக்கு வேறை சட்டமண்ணை.

— பாலுக்கு விசா இல்லை. தங்கச்சிக்கு விசா.

— நீங்கள் பகிடி பண்ணுறியள். சட்டம் எழுதினவன் அங்கை இருக்கிறான், நான் இஞ்சை காத்தில்லாத ஃபானுக்குக் கீழை இருக்கிறன். என்னை ஏன் பிடிக்கிறியள்?

— பிடிக்கேல்லைத் தம்பி. விளங்கிறதுக்குத்தான் கேக்கிறன். அனோஜாவின்ரை அகதி வழக்கு இன்னும் முடியேல்லை, அவள் வெளிக்கிட்டால் திரும்ப உள்ளுக்கை விடாங்கள். அதாலை போறதெண்டால் அவன்தான் போகவேணும். பேத்தி மேனுகாவுக்கு மூண்டு வயசாகப்போகுது, இன்னும் காது குத்தேல்லை.

— அங்கையெல்லாம் கடைக்குள்ளை துவக்குமாதிரி ஒண்டை வைச்சு டிக் எண்டு குத்துறாங்களாமே. பிள்ளை அழுறதுக்கு யோசிக்க முதல் முடிஞ்சிடுமாம்.

— நிருஷனும் அதைத்தான் சொன்னவர். அனோஜா மாட்டன் எண்டிட்டாள். தாய்மாமன்ரை மடியிலை இருத்தித்தான் குத்துறது, அண்ணா வரட்டும், விசா வரட்டும் எண்டு தாய்க்குச் சொல்லிப்போட்டாள். இஞ்சை என்ரை மனுசி நாகேஸ் சின்னத் தோடு ஒரு சோடி செய்விச்சு, அலுமாரியிலை என்ரை வேட்டிக்குக் கீழை வைச்சிருக்கிறா. ஞாயிறு தவறாமல் வீடியோ கோலிலை பேத்தியின்ரை காதைத்தான் பாப்பா. தலைமயிரை ஒதுக்கிக் காட்டு குஞ்சு எண்டுவா. அது மற்றக் காதைக் காட்டும். அதிலையும் ஒண்டுமில்லை.

— அந்தப் பிளேன்ரீயை இப்ப சொல்லட்டே அண்ணை?

— பேந்து சொல்லுங்கோ. அந்த நம்பர் எண்டு சொன்னியளே, அது எங்கை எடுக்கிறது?

— எந்த நம்பர்?

— கடிதத்துக்கு முதல் வாற நம்பர்.

— அது… அங்கை ஒரு அரசாங்கக் கந்தோர் இருக்கு.

— எந்த ஊரிலை?

— அண்ணை, எங்கடை அப்பர் சந்தையிலை வாழைக்குலை வித்தவர். பொய் விலை சொல்லேக்கை நான் எப்பவும் வாங்க வந்தவன்ரை முகத்தைப் பாத்து, உண்மை விலையைச் சொல்லிப்போடுவன். குலை போற விலைக்குப் போயிடும், அப்பர் வீட்டை வந்து பேசுவார். இப்பவும் அதே கூத்துத்தான்.

— என்ரை முகத்திலை என்ன இருக்கு?

— ஒண்டுமில்லாமல் கிடக்கு, அதுதான் ஏலாமல் இருக்கு. சரி, வியாபாரம் முறிஞ்சுபோச்சு. பாஸ்போட் காணுமண்ணை. கனடாக்காரனுக்கு ஒரு விசாவும் வேண்டாம். கார்க் கண்ணாடியை இறக்கிப் புத்தகத்தைக் குடுத்தால், எங்கை போறாய், எப்ப திரும்புவாய் எண்டு கேப்பாங்கள். தங்கச்சி வீட்டை எண்டு சொன்னால் றோட்டை மறிச்சிருக்கிற தடியைத் தூக்கி விட்டிடுவாங்கள். அவ்வளவுதான்.

— அப்ப ஏன் தம்பி இவ்வளவு நேரமும் அந்தப் பெரிய கதை?

— சத்தியம் பண்ணிக் குடுத்திட்டன். நாகேஸ்வரி அக்கா போன கிழமை வந்தவா.

— எங்கை? இஞ்சையோ?

— உந்தக் கதிரையிலைதான் இருந்தவா.

— சந்தைக்குப் போறன் எண்டெல்லோ போனவா. கத்தரிக்காயும் கருவாடும் வாங்கிக்கொண்டு வந்தவா.

— சந்தைக்கும் போயிருப்பா. இஞ்சை வந்து, நீங்கள் கேட்டதையே கேட்டவா. மகனிட்டைக் கனடாப் பாஸ்போட் இருக்கு, எல்லை தாண்ட அது காணுமோ எண்டு. நான் என்ன கண்டன்? எல்லாம் தெரிஞ்ச ஆளெல்லே. விசாவே? ஆரக்கா உங்களுக்குச் சொன்னது? கண்ணாடியை இறக்கினால் காணும் எண்டு சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னன். அவா சிரிக்கேல்லை எண்டதைக் கொஞ்சம் பிந்தித்தான் கண்டனான். குடுத்த பிளேன்ரீ கையிலையே ஆறிப்போச்சு.

— அழுதவவோ?

— இல்லை. அழுதிருந்தால் எனக்கு ஏதாவது சொல்ல இருந்திருக்கும். ஓமந்தைச் செக்பொயின்ரைப் பற்றிக் கதைச்சவா. அந்த நாளையிலை வவுனியா ஆசுப்பத்திரிக்குப் போறதுக்குப் பாஸ் எடுக்க அலைஞ்சது, வெய்யிலுக்கை வரிசையிலை நிண்டது, பொட்டளியை ஆமிக்காரனுக்கு அவிழ்த்துக் காட்டினது. எங்கடை நாட்டுக்குள்ளை, ஒரே றோட்டிலை, இஞ்சாலையிருந்து அங்காலை போக அவ்வளவு பாடு பட்டம், ரெண்டு நாட்டுக்கு நடுவிலை எவ்வளவு இருக்கும், பாவம் என்ரை பிள்ளை எண்டு நினைச்சு, அந்த விசாக் கதையிலை ஒரு நாளும் ஐமிச்சப்படேல்லை எண்டா. ஆளைப் பாத்திட்டுத் தடியைத் தூக்கிற எல்லையும் உலகத்திலை இருக்குதெண்டு தனக்குத் தெரியாதாம்.

— ஓம். அவா ஓமந்தையிலை கனக்க நிண்டவா. நான் சுகமில்லாமல் கிடக்கேக்கை எனக்காகவும் நிண்டவா.

— பேந்துதான் என்ரை கையைப் பிடிச்சுச் சத்தியம் வாங்கினவா. அந்த மனுசன் ஒரு நாள் உன்னட்டை வரும், விசா வேணும் எண்டே சொல்லு தம்பி எண்டா. மகனாலை போகேலாமல் கிடக்கு எண்டு நினைச்சுக்கொண்டிருந்தால் அவர் ரெண்டு வாய் சோறு தின்னுவாராம். போகலாம், ஆனால் போகேல்லை எண்டு தெரிஞ்சால் வயலுக்குள்ளையே கிடந்திடுவாராம்.

— அப்பிடிச் சொன்னவவோ.

— அச்சொட்டா அப்பிடித்தான்.

— இந்த ஞாயிற்றுக்கிழமையும் மகனிட்டைக் கேட்டவா, தம்பி, விசா என்னமாதிரி எண்டு. போன கிழமையே உண்மை தெரிஞ்சவா, குரலிலை ஒரு நடுக்கமும் இல்லாமல் கேட்டவா.

— அது உங்கடை காதிலை விழட்டும் எண்டு கேட்டதண்ணை. அவன் என்ன சொன்னவன்?

— ம் எண்டான். நான் இடையிலை பூந்து, அது இழுபடுதாம், பிள்ளையைக் கரைச்சல் படுத்தாதை எண்டன். அவா ஓம் எண்டு கேட்டுக்கொண்டு, குளிருக்கை தொப்பி போடு எண்டு அவனுக்குச் சொல்லிட்டு வைச்சவா.

— எனக்குப் பத்திக்கொண்டு வருது. நம்பரைத் தாங்கோ, இப்பவே எடுத்து ஸ்பீக்கரிலை போட்டு நாலு கேள்வி கேக்கிறன். அங்கை இப்ப விடியப்புறமெண்டால் இருக்கட்டும், எழும்பட்டும்.

— வேண்டாம் தம்பி. போனைக் கீழை வையுங்கோ.

— அப்பிடி என்னதான் கோவம், கூடப்பிறந்தவளிலை?

— தன்ரை கூட்டாளி ஒருத்தனுக்கு வாக்குக் குடுத்திட்டான், தங்கச்சி உனக்குத்தான் எண்டு. அவளைக் கேக்காமல் குடுத்த வாக்கு. அவள் நிருஷனைக் கட்டினாள். இவனுக்குக் கூட்டாளியின்ரை முகத்திலை முழிக்கேலாமல் போச்சு.

— நிருஷன்ரை ஆக்கள் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலையிருந்து வந்தவை எண்டதும் சேந்திருக்குமோ?

— அவன்ரை மனசிலை இருந்திருக்கும். எங்களிட்டை இல்லை. தங்கம்மா வீட்டுப் பலாப்பழத்திலை பாதி எங்கடை குசினியிலைதான் வெட்டுப்படுறது. எனக்குக் காய்ச்சல் எண்டால் பெத்த பிள்ளையளுக்கு முதல் அந்த மனுசிதான் வந்து நிக்கும்.

— அனோஜாவுக்கு இது தெரியாமல் இருக்குமே அண்ணை? பஃபலோவிலை கடை வாசல்களிலை நிக்கிற காரிலை பாதி கனடா நம்பர் பிளேட் எண்டு சொல்லுறாங்கள்.

— தெரியும்.

— தெரிஞ்சும் பிள்ளைக்குக் காது குத்தாமல் வைச்சிருக்கிறாவோ?

— தெரிஞ்சதாலைதான் வைச்சிருக்கிறாள். குத்திப்போட்டால், இனி அண்ணன் வரத் தேவையில்லை எண்டு ஆகிடுமெல்லே.

— ஐயோ. சரி, அங்கத்தைக் கதையை விடுவம். நீங்கள் இப்ப வீட்டை போங்கோ. அக்காவைக் கூப்பிட்டு இருத்தி, எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும், வா சேந்து அழுவம் எண்டு சொல்லுங்கோ. ஒரு நாளைய அழுகையோடை முடியிற விசயம்.

— முடிஞ்சாப்பிறகு என்ன கதைக்கிறது?

— எதைப் பற்றி?

— எதைப் பற்றியும். பெரிய வீடு, கலியாணத்துக்கு ஆக்கள் வருவினம் எண்டு கட்டினது. உள்ளுக்கை ரெண்டு பேர். ஞாயிறு போன் வைச்சாப்பிறகு எங்களுக்குக் கதைக்க இருக்கிறது உந்த விசா ஒண்டுதான். தைக்கு வருமாம் எண்டுவன். தையிலை குளிர், சித்திரைக்கு வந்தால் நல்லம் எண்டுவா. மாமன் வேட்டி கட்டுவானோ, காற்சட்டையோடை இருத்துவானோ எண்டு அதுக்கு ஒரு சண்டை வரும். அந்தச் சண்டையிலை ரெண்டு பேரும் நல்லாச் சாப்பிடுவம். விசா இல்லையெண்டு ஆயிட்டால், அவா ஒரு அறையிலையும் நான் ஒரு அறையிலையும் பல்லி கத்துறதைக் கேட்டுக்கொண்டு கிடக்கவேணும்.

— அதுக்காக அவா உங்களைப் பேய்க்காட்ட, நீங்கள் பேய்க்காட்டுப்பட்டமாதிரி இருக்கப்போறியளோ?

— ஓம். நீங்கள் ஒரு உதவி செய்யுங்கோ. அவா இந்தப் பக்கம் வந்தால், பரமேஸ்வரண்ணை வந்தவர், விசா எண்டு சொன்னனான், முழுக்க நம்பிக்கொண்டு போயிட்டார் எண்டு சொல்லிவிடுங்கோ.

— நானோ? ஒரே பொய்யை ரெண்டு பக்கத்துக்கும் விக்கச் சொல்லுறியள்.

— நீங்கள் வியாபாரி. உங்களுக்கு அது புதிசே.

— வாங்கிற ரெண்டு பேருக்கும் சாமான் பழுது எண்டு தெரியும், தெரிஞ்சுகொண்டே வாங்குறியள். அதுதான் புதிசு. சரி, சொல்லுறன். அந்த நம்பர் கதையையும் சேத்துச் சொல்லுறன், அக்காவுக்கு வடிவா இருக்கும்.

— சொல்லுங்கோ. நான் வெளிக்கிடுறன், ரெண்டு மணி பஸ்ஸை விட்டால் பேந்து இல்லை.

— ஒண்டுதான் எனக்குச் செமிக்கேல்லை. பெடியனுக்குக் கோவமெண்டால் கோவம், நான் வரமாட்டன் எண்டு ஆம்பிளையா நேரே சொல்லியிருக்கலாமெல்லே. அதை விட்டிட்டுப் பாஸ்போட்டையும் விசாவையும் காட்டி, ஓமந்தையிலை நிண்ட தாயை இவ்வளவு காலம் ஏமாத்தியிருக்கக்கூடாது.

— அவனைப் பேசாதேங்கோ தம்பி. அவன் நேரேதான் சொன்னவன், அவள் வீட்டு வாசல் மிதிக்கமாட்டன் எண்டு. அண்டைக்குப் போனை எடுத்தது நான். நாகேஸ் அடுப்படியிலை நிண்டு, என்னவாம் எண்டு கேட்டா. விசா வேணுமாம் எண்டு சொன்னது நான்தான்.

— அண்ணை.

— எண்டைக்காவது அவா உங்களிட்டை வந்து கேப்பா எண்டு தெரியும். நீங்கள் என்ன சொல்லுவியள் எண்டு பாக்கத்தான் முதல் நானே கேட்டனான். கேட்டால் உண்மையைச் சொல்லிப்போடாதேங்கோ எண்டு சொல்லிப்போகத்தான் இண்டைக்கு வந்தனான். நெல்லு வெட்டுற மெஷின் வயலிலை இறங்கினதாலை ஒரு கிழமை பிந்திட்டன்.