ராமையா அண்ணன் அழுத பாட்டு

மாலை வகுப்புக்குப் போகிறவன் முதலில் கற்றுக்கொள்வது வேகமாகச் சாப்பிடுவதைத்தான், சார். எண்ணெய் ஆலையில் டூட்டி முடிந்து பஸ் கேம்ப்பில் விட்டதும், நின்றபடியே சாப்பிட்டுவிட்டு ஜப்பானிய மொழி வகுப்புக்கு ஓடுவேன். இங்கே ருவைஸில் அதை நடத்துபவர் ஜலஜா மேடம், ஒசாகாவில் சில வருடம் இருந்தவர். காது பழகட்டும் என்று காதல் பாட்டுகள் போடுவார். ஒரு பாட்டில், காதலன் வரமாட்டான் என்று தெரிந்தும் ஒருத்தி ரயில் நிலையத்தில் நிற்பாள். வகுப்பே மூக்கை உறிஞ்சும். எனக்கு மட்டும் ஒன்றும் வராது.

"மணிகண்டன், உங்களுக்கு அர்த்தம் புரியலையா?" என்று மேடம் ஒருநாள் கேட்டார்.

வரிக்கு வரி அர்த்தம் சொன்னேன். எல்லாம் சரி என்றார்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என்னிடம் ஏதோ குறைகிறதா, இல்லை மற்றவர்கள் நடிக்கிறார்களா? பஸ்ஸில் உட்கார்ந்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

ரூமில் அந்தப் பாட்டைப் போட்டேன். கீழ்க்கட்டிலில் ராமையா அண்ணன் அழுதார். அறந்தாங்கிப் பக்கத்துக்காரர், டேங்க் சுத்தம் செய்கிறவர். ஜப்பானிய மொழியில் ஒரு வார்த்தை தெரியாது.

"என்னமோ தெரியல தம்பி, அந்தப் பொண்ணு இழுத்துப் பாடயில சரசு பக்கத்துல வந்து உக்காந்த மாதிரி இருக்கு."

சரசு அக்கா அவர் மனைவி. அடுத்த மாதம் அவர் லீவில் ஊருக்குப் போவதாக இருந்தது.

"டேய் ஜப்பான், ஃபீஸ் கட்டுறது நீ, அழுவுறது அண்ணனாடா?" என்று ரூமில் இருந்த ரெங்கராஜ் சிரித்தான்.

எனக்குக் கோபம் வரவில்லை. நான் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவர் அண்ணன். அவரை அழவைப்பது பாட்டா, வேறு ஏதாவதா என்றுதான் தெரிய வேண்டியிருந்தது. அவர் ஊருக்குப் பேசி முடித்ததும் போட்டுப் பார்த்தேன். துணி துவைக்கும்போது போட்டேன். பிரியாணி சாப்பிட்டு வயிறு நிறைந்திருந்தபோதும் போட்டேன். எப்போதும் அழுதார். ஆனால் ரூமில் நாலு பேர் பார்க்கிறார்கள். பார்க்கிறார்கள் என்பதற்காக அழுகிறாரோ என்ற சந்தேகம் மட்டும் போகவில்லை.

பிறகு ஆலையை நிறுத்திப் பராமரிக்கும் ஷட்டவுன் வந்தது. டேங்க் அடியில் படிந்த கசடை அள்ள அண்ணன் இறங்கினார். வாசலில் உட்கார்ந்து உள்ளே இருப்பவரைக் கவனிப்பது என் டூட்டி. கையில் வாக்கிடாக்கி, மடியில் ஹாரன். ஏதாவது என்றால் ஹாரன் அடிக்க வேண்டும், மீட்பு ஆட்கள் ஓடி வருவார்கள். உள்ளே விஷவாயு. அதனால் அவர் முகம் முழுக்க மூடிய மாஸ்க் போட்டிருந்தார், குழாய் வழியாகக் காற்று. கண்ணில் வியர்வை விழுந்தாலும் மாஸ்க்கைத் தூக்காதே, வெளியே வந்து துடை என்று காலையில்தான் எங்கள் எல்லோருக்கும் சொன்னார்கள். எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

கூட இறங்கியவன் தண்ணீர் குடிக்க வெளியே போயிருந்தான். போனில் அந்தப் பாட்டைப் போட்டு வாக்கிடாக்கி அருகில் பிடித்து, பொத்தானை அழுத்தினேன். பாட்டு அண்ணனின் ஹெல்மெட் ரேடியோவில் கேட்டது. விளையாட்டு என்று நினைத்தோ என்னவோ, என்னைப் பார்த்து விரலை ஆட்டினார். கொஞ்ச நேரத்தில் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டார். தோள் குலுங்கியது. மாஸ்க் கண்ணாடியில் ஆவி படர்ந்தது. ஏதோ சொன்னார் போலிருந்தது. நான் பொத்தானை விடாதவரை அவர் குரல் எனக்கு வராது.

ஏணியைத் தேடிக் கையை நீட்டித் துழாவினார். அகப்படவில்லை. அப்புறம் மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கி, கண்ணைத் துடைத்தார்.

அங்கே அவரைப் பார்க்க யாரும் இல்லை, சார், நான் ஒருவன் தவிர. அப்படியும் அழுதார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

மாஸ்க் வார் தளர்ந்திருந்தது, அவர் சரியாகப் போடவில்லை என்று, அண்ணன் இறந்ததைப் பற்றிய ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்தத்தான் வந்தேன். அண்ணன் வேலையில் கவனமான ஆள். அவர் பெயர் கெடக் கூடாது. வாரை அவர் இறுக்கியதை நானே பார்த்தேன்.

அவர் முழங்கால் மடங்கி விழுந்தபோதே ஹாரன் அடித்திருக்கலாம். கடைசிச் சரணம் பாக்கி இருந்தது.