லெமுவேலின் கைத்தடி

துணி வெளுத்துப் பிழைக்கிறவளுக்குப் புகை எது, நீராவி எது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புகை கறுத்துப் போய் வானத்திலேயே நிற்கும். நீராவி வெள்ளையாக எழும்பி, கொஞ்ச தூரத்தில் காணாமல் போகும். டீ ஆறுகிறது, குடியுங்கள் போதகரே. துறைமுக வெடிவிபத்தின் நினைவாகக் குன்றின்மேல் போடப்போகும் கல் பெஞ்சில் 'எங்களை எச்சரித்தவர்' என்று என் பெயரைப் பொறிக்கப் போவதாகச் சொன்னீர்கள். பக்கத்து வீட்டு நோரா டீகனின் யோசனையாகத்தான் இருக்கும். அதனால்தான் நீராவியைப் பற்றி முதலில் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் லெமுவேல் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர். கப்பலின் அடித்தளத்தில் விழுந்ததிலிருந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போனது. நல்ல மனிதர்தான். குடித்ததில்லை, கை நீட்டியதில்லை. கட்டிலில் கிடந்தபடி கைத்தடியால் சுவரைத் தட்டுவார். தண்ணீருக்குத் தட்டுவார், தலையணைக்குத் தட்டுவார், பக்கத்து வீட்டில் என்ன சமையல் என்று கேட்கவும் தட்டுவார். "இதோ வந்துட்டேன்" என்று தூக்கத்திலும் பதில் சொல்லப் பழகியிருந்தேன். அவர்மேல் எனக்கு வெறுப்பே கிடையாது. அலுத்துப் போயிருந்தேன், அவ்வளவுதான்.

அன்று காலையில் துறைமுகத்தின் குறுகலான வாயில் இரண்டு கப்பல்கள் முட்டிக்கொண்டன. அதில் ஒன்று எரிந்துகொண்டே மிதந்து, எங்கள் தெருவுக்குக் கீழே இருந்த துறைக்கு வந்து ஒதுங்கியது. அதன் வயிற்றில் போருக்கான வெடிமருந்து இருந்தது எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. கைத்தடி தட்டியது.

"ஹெட்டி, கட்டிலைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் திருப்பு. கப்பல் எரியுதாம்ல."

"ஊறப்போட்ட துணி அப்படியே கெடக்கு. காலங்காத்தால உங்களுக்கு வேடிக்கை வேற கேக்குதா?"

"வாலிபம் பூரா அங்கதான்டி மூட்டை தூக்குனேன். என் துறை எரிஞ்சா நான் பாக்க வேணாமா?"

திருப்பினேன். அதற்காக என்னை நொந்துகொண்டதில்லை. ஊரே ஜன்னலில்தான் நின்றது. நான் கொல்லையில் துணி வேகவைக்கும் செங்கல் கொட்டகைக்குப் போனேன். அந்தச் சுவர் என்னைக் காப்பாற்றியது.

கப்பல் வெடித்த சத்தம் என் காதில் விழவில்லை. எழுந்து பார்த்தபோது தெரு இல்லை. மரவீடுகள் எல்லாம் சரிந்து கிடந்தன. உள்ளே கவிழ்ந்த நிலக்கரி அடுப்புகள் கனன்றுகொண்டிருந்தன. பக்கத்து வீட்டு நோரா முகமெல்லாம் கண்ணாடிச் சில்லோடு, கைக்குழந்தையை இடுக்கிக்கொண்டு நின்றாள். மூத்தவள் வின்னி உத்தரத்துக்கு அடியில் மாட்டியிருந்தாள். நோராவின் தம்பி ஆம்ப்ரோஸ் அதை நெம்பிக்கொண்டிருந்தான். பிள்ளையின் ஒரு தோள் வெளியே வந்துவிட்டது.

அப்போது எங்கள் வீட்டு இடிபாட்டிலிருந்து தட்டல் கேட்டது.

ஆம்ப்ரோஸ் நிமிர்ந்தான். "கேட்டீங்களா மிஸஸ் மோஷர்? உங்க ஆளு கெட்டி. இவளை இழுத்துப் போட்டுட்டு அடுத்து அங்கதான் வரேன். சத்தம் எங்கேருந்து வருதுன்னு மட்டும் பாத்து வைங்க."

பலகைகளின் இடுக்கில் குனிந்தேன். தட்டல் மிக அருகில் இருந்தது. "இதோ வந்துட்டேன், லெம். தட்டாதீங்க. இருக்கிற தெம்பும் போயிடும்" என்றேன். தட்டல் நின்றது. அவர் என் பேச்சைக் கேட்பது அபூர்வம்.

சுற்றிலும் ஒரே அலறல். ஆனாலும் அந்தத் தட்டல் இல்லாதது எனக்கு எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. உட்காரலாம் போலிருந்தது. இது இப்படியே இருந்துவிட்டால் என்ன என்று நினைத்தேன். ஆனால் ஆம்ப்ரோஸ் சொன்ன சொல் தவறாதவன். அடுத்து அங்கேதான் வருவான்.

பட்டாள முகாம் பக்கம் வெள்ளையாக ஏதோ எழும்பியது. அங்கே வெடிமருந்துக் கிடங்கு இருப்பது ஊருக்கே தெரியும். எதன்மேலோ தண்ணீரைக் கொட்டி அணைத்திருந்தார்கள். எழும்பியது நீராவி. பார்த்ததுமே தெரிந்தது.

"முகாம்ல தீ. மருந்துக் கிடங்கு வெடிக்கப் போகுது. மேட்டுக்கு ஓடுங்க" என்றேன். கத்தவில்லை. நிதானமாகச் சொன்னால்தான் நம்புவார்கள். யாரோ ஒருவன் அதை வாங்கிக் கத்தினான். அடுத்த தெரு அதை வாங்கிக்கொண்டது. பிறகு சிப்பாய்களும் அதையே கத்திக்கொண்டு வந்தார்கள். அவர்கள் எங்கே கேட்டார்களோ, எனக்குத் தெரியாது. எத்தனையோ வாய்கள் சொன்ன சொல் அது. முழுதையும் என் தலையில் கட்ட முடியாது.

"வின்னியை விட்டுட்டு வரமாட்டேன்" என்றாள் நோரா.

"கையில இருக்கறதையாவது காப்பாத்துடி" என்று அவளை இழுத்தேன்.

வின்னி ஆம்ப்ரோஸின் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள். அவன் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். "மாமா இப்ப வந்துடறேன் கண்ணு" என்றான். பிறகு எங்களுக்கு முன்னால் ஓடினான்.

எல்லாத் தெருக்களும் குன்றின்மேல் ஏறின. ஒவ்வொரு தெருவிலும் இடிபாட்டிலிருந்து பாதி வெளியே எடுத்தவர்களை அப்படியே போட்டுவிட்டுத்தான் வந்தார்கள். மேலே நின்று எங்கள் வீட்டு வரிசை தீப்பிடிப்பதைப் பார்த்தோம். வேறெதுவும் வெடிக்கவில்லை. இறங்கி வந்தபோது தோண்டுவதற்கு ஒன்றும் இல்லை. மறுநாள் பனிப்புயல் வந்து மிச்சத்தையும் மூடியது. ஆம்ப்ரோஸ் அந்த வசந்தம் வருவதற்குள் ஊரைவிட்டே போய்விட்டான்.

நோரா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பழ கேக் கொண்டுவருவாள். "நீ மட்டும் சொல்லலேன்னா நானும் இந்தப் பயலும் ஏது, ஹெட்டி?" என்று என் கையைப் பிடித்துக்கொள்வாள். கேக்கைத் தின்பேன். நன்றாகத்தான் இருக்கும். வின்னியை நினைத்தால் மட்டும் பாதியில் தட்டைத் தள்ளி வைத்துவிடுவேன். எனக்குச் சவுக்காரம் வாங்கிவந்து கொடுக்கிற பிள்ளை. அவளை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

பெஞ்சில் என்ன பொறிப்பது என்று இனி நீங்களே முடிவு செய்யுங்கள். லெம்மைப் பற்றி எனக்குச் சஞ்சலம் இல்லை. நான் வருவேன் என்று நம்பி, அமைதியாகவே இருந்திருப்பார். மேடேறும்போது பின்னால் ஏதோ தட்டுகிற சத்தம் கேட்டது, வெகுநேரம் கேட்டது. அது அவராக இருக்காது. தட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தானே வந்தேன்.