ரெண்டு சுழித் தேத்தண்ணி

நதீரா: …பொறு, பொறு! அத அமத்தாத!

முஸ்பிறா: இன்னும் அமத்தல்ல மதினி. கைய மட்டும்தான் கிட்ட கொண்டு போனன்.

நதீரா: கையயும் எடு.

முஸ்பிறா: கடைய மூடிட்டு, இந்த வெயிலுக்குள்ள லெப்டொப்பத் தூக்கிட்டு வந்திரிக்கன். உங்கட வலைப்பூவுல ரெண்டு பட்டன், ஒரு பெட்டி. அவ்வளவுதான் வேல. அதுக்குள்ள எத்தின தரம் ‘பொறு’!

நதீரா: பட்டன வை. பேஸ்புக்குக்கு ஒண்டு, வட்சப்புக்கு ஒண்டு. பகிர்றவங்க பகிரட்டும்.

முஸ்பிறா: இப்பயும் பகிரத்தானே செய்றாங்க. காரைதீவு வினோஜா டீச்சர் உங்கட பதிவப் போட்டோ புடிச்சு குரூப்புல போட்டிரிக்கா. ஆரு எழுதினதெண்டு ஒரு சொல்லும் இல்ல. பட்டன் இருந்தா உங்கட பேரோட போகும்.

நதீரா: அதான் வை எண்டன். அந்தப் பெட்டிதான் வேணா.

முஸ்பிறா: பெட்டிதான் மதினி முக்கியம்! பேஸ்புக்ல இரிக்கிற ஆக்கள் எழுதுற கருத்து நேரா உங்கட பதிவுக்குக் கீழ வந்து நிக்கும். பேரோட, முகத்தோட.

நதீரா: இப்ப கீழ நிக்கிற பழைய கருத்தெல்லாம்?

முஸ்பிறா: அது… மறைஞ்சிரும்.

நதீரா: பாத்தியா!

முஸ்பிறா: அழியாது மதினி. கண்ணுக்குத் தெரியாம இரிக்கும். அவ்வளவுதான்.

நதீரா: கண்ணுக்குத் தெரியாம இரிக்கிறதுக்கும் இல்லாமப் போறதுக்கும் வித்தியாசம் என்னெண்டு… என்னட்டயா சொல்றாய்? சரி, முகத்த அப்பிடி வெக்காத. உன்னச் சொல்லல்ல.

முஸ்பிறா: இல்ல, பிழை என்டதான்… ஆனா மதினி, அந்தப் பழையதுல என்ன கிடக்கு? எல்லாம் ஒரே ஆள். ‘பெயரிலி’. ஊரு பேரு தெரியாத மனிசனுக்கு இவ்வளவு மவுசா?

நதீரா: வாய மூடு புள்ள.

முஸ்பிறா: கன்னம் சிவக்குதே! கூடப் பொறந்த காக்காட பொண்டாட்டிக்கு இந்த வயசில ஒரு ரசிகர். ஊருல சொல்லவா?

நதீரா: ரசிகரா? ஒரு நாளாவது ‘நல்லா எழுதியிரிக்கீங்க’ எண்டு சொன்னவரா அவர்? எந்த நேரமும் பிழை புடிக்கிறதுதான். கொண்டா, வாசிக்கிறன். இது சுனாமி அண்டு காலம்பற உன்ட காக்கா போனதப் பத்தி நான் எழுதினது. ‘அன்று ஞாயிற்றுக்கிழமை. கடல் எண்ணெய் ஊற்றியதைப் போல அசையாமல் கிடந்தது. சுபியான் நீலச் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு மீன் வாடிக்குப் போனார். கதவைச் சாத்தாதே, இப்போது வந்துவிடுவேன் என்றார். அந்தக் கதவும் இப்போது இல்லை.’ கீழ இவர் என்ன சொல்றார்? ‘சாரன் நீலம் இல்லை. பச்சை. கன்னால கன்டது.’

முஸ்பிறா: ஹா… நல்ல மனிசன்தான். அழுற நேரத்துல சாரன் நிறம் பாத்திரிக்கார்.

நதீரா: அடுத்ததக் கேளு. சுபியான் வாடியில கோப்பி குடிச்சிட்டு வலைக்குப் போனார் எண்டு எழுதினன். ‘கோப்பி இல்லை. அவன் குடித்தது தேத்தன்னி.’

முஸ்பிறா: சரி சரி, காணும். விளங்கிட்டு. இப்ப பெட்டிய…

நதீரா: ‘தேத்தன்னி’ புள்ள. ரெண்டு சுழி.

முஸ்பிறா: அ…அதுக்கென்ன?

நதீரா: ‘கன்னால கன்டது’. அதுலயும் ரெண்டு சுழி. இந்த ஆளுக்கு மூண்டு சுழி ‘ண’ எண்டு ஒரு எழுத்து இரிக்கிறதே தெரியா.

முஸ்பிறா: போன்ல தட்டக்குள்ள எல்லாருக்கும் அப்பிடித்தான் மதினி விழும்.

நதீரா: போன்ல விழும். கடை போர்டுலயும் விழுமா?

முஸ்பிறா: எந்தக் கடை?

நதீரா: கல்முனை மெயின் ரோட்டுல ஒரு கொமினிகேசன். போட்டோ கொப்பி, ரீலோட் எல்லாம் செய்றாங்க. வாசல்ல பெருசா எழுதிக் கிடக்கு, ‘குளிர்ந்த தன்னீர் கிடைக்கும்’ எண்டு. கடைக்காரி பேரு முஸ்பிறாவோ என்னமோ…

முஸ்பிறா: அல்லாஹ்! அந்த போர்ட நாளைக்கே கழட்டுறன்!

நதீரா: கழட்டாத. ஊருல எல்லாரும் அந்த ‘தன்னீர’ வாங்கித்தான் குடிக்கிறாங்க. ஒருத்தருக்கும் வருத்தம் வரல்ல.

முஸ்பிறா: எப்ப கண்டுபுடிச்சீங்க?

நதீரா: அத விடு. தேத்தண்ணி குடிக்கிறயா?

முஸ்பிறா: மூண்டு சுழித் தேத்தண்ணி எண்டாக் குடிக்கிறன்.

நதீரா: ஹா… மாமா எப்பிடி இரிக்கார்?

முஸ்பிறா: வாப்பாவா? இருந்தாப்போல என்னத்துக்கு அவரக் கேக்குறீங்க? உங்களுக்கும் அவருக்கும் கதை இல்லயே.

நதீரா: இருபது வருசமாக் கதை இல்ல. சுகம் கேக்கவும் கூடாதா?

முஸ்பிறா: இரிக்கார். கண்தான் மங்கிட்டு… நீங்க அண்டைக்கு இத்தா இருந்திருக்கலாம் மதினி. அந்த ஒண்டுலதான் முறிஞ்சார்.

நதீரா: எப்பிடி இருக்கச் சொல்றாய்? மையத்தக் காணல்ல. அவர்ர உடம்பும் இல்ல, ஒரு செருப்பக் கூடக் காணல்ல. வெள்ளைய உடுத்து நாலு மாசம் பத்து நாள் அறைக்குள்ள குந்தினா, மவுத்தானத நான் ஒத்துக்கொண்டதாப் போகும். ஒத்துக்கொண்டா, மறுகா எந்த வழியால அவர் திரும்பி வாற?

முஸ்பிறா: வாப்பாவும்தானே மையத்தக் காணல்ல. தோளுல சந்தூக்குத் தூக்கல்ல, ஒரு புடி மண் போடல்ல. ‘அவள் இத்தா இருந்திருந்தா, என்ட புள்ளைக்கு அதுதான் கபுறு. அதையும் தரமாட்டன் எண்டுட்டாள்’ எண்டு சொன்னார்.

நதீரா: …இத எப்ப சொன்னார்?

முஸ்பிறா: போன கிழம.

நதீரா: இருபது வருசமா என்ட பேர எடுக்காத மனிசன், போன கிழம என்னத்துக்கு என்னப் பத்திக் கதைச்சார்?

முஸ்பிறா: தேத்தண்ணி ஆறுது…

நதீரா: இன்னும் அடுப்புலயே வெக்கல்ல. இஞ்ச பாரு. தட்டினது நீ. சொன்னது ஆரு? சுபியான ‘அவன்’ எண்டு கதைக்கிற உரிமை இந்த ஊருல எத்தின பேருக்கு மிச்சமிரிக்கி?

முஸ்பிறா: …வாப்பாதான் மதினி. மஃறிபு தொழுகைக்குப் பிறகு நான் உங்கட பதிவ வாசிப்பன், அவர் கண்ண மூடிட்டுக் கேப்பார். பிழை வந்தாப் போதும், நிமிர்ந்து இருந்திருவார். ‘பச்சை எண்டு எழுது. பேர் போடாத’ எண்டு சொல்வார். நான் தட்டுவன்.

நதீரா: ரெண்டு சுழியில.

முஸ்பிறா: ஓம், ரெண்டு சுழியில! குத்திக் காட்டுங்க, நல்லாக் குத்துங்க.

நதீரா: அப்ப ஏன் புள்ள அவர்ர வாய அடைக்கப் பாக்குறாய்? பேஸ்புக் பெட்டி வந்தா பேர் இல்லாம ஒருத்தரும் எழுத ஏலா. மாமா இனி எப்பிடி…

முஸ்பிறா: அவர்தான் மதினி அனுப்பினார்!

நதீரா: என்ன?

முஸ்பிறா: ‘பேர மறைச்சு எழுதி அலுத்துட்டு. பேரோட எழுதுற பெட்டி ஒண்டு இரிக்காமே, போய் அங்க வெச்சுட்டு வா’ எண்டார். கணக்கும் திறந்து குடுத்திட்டன். தொப்பி போட்ட போட்டோ. மூண்டு தரம் புடிக்க வெச்சார், முதல் ரெண்டுலயும் கிழவனாத் தெரியிறாராம்.

நதீரா: ஹா… யா அல்லாஹ்.

முஸ்பிறா: நீங்க பெட்டி வந்தா அவர் போயிருவார் எண்டு புடிவாதம். அவர் பெட்டி வந்தாத்தான் வருவன் எண்டு புடிவாதம். நடுவுல நான் வெயில்ல திரியிறன்.

நதீரா: பழைய கருத்து ஒண்டும் மறையாம புதுப் பெட்டிய வெக்க வழி இல்லயா?

முஸ்பிறா: இரிக்கி. பழையது மேல, புதுசு கீழ. கொஞ்சம் வேல கூட, அவ்வளவுதான்.

நதீரா: அடி கள்ளி! அத ஏன் முதலே சொல்லல்ல?

முஸ்பிறா: அதுல கிடக்கிற ரெண்டு சுழியெல்லாம் அப்பிடியே மறையட்டும் எண்டுதான்… சரி, இந்தா. கோட ஒட்டிட்டன். சேவ் பண்ணவா?

நதீரா: …பண்ணு.

முஸ்பிறா: பிஸ்மில்லாஹ்… வந்துட்டு! பட்டன் ரெண்டும் பாருங்க. பெட்டி கீழ. பொறுங்க, வாப்பாக்கு ஒரு மெசேஜ் போடுறன்.

நதீரா: கண் மங்கின மனிசன் எப்பிடி எழுதுற?

முஸ்பிறா: வாயால சொன்னா போன் எழுதும். ஒரு கிழமையாப் பழகுறார். ‘மகள்’ எண்டு சொன்னா ‘முகில்’ எண்டு எழுதுதாம், போனோட சண்ட… மதினி! இந்தா, ஒண்டு வந்திரிக்கி! தொப்பி போட்டோ!

நதீரா: வாசி.

முஸ்பிறா: நீங்க வாசிங்க.

நதீரா: ‘முகைதீன்பாவா… மகள் நதீரா, நேற்றைய பதிவில் பிழை இருக்கு. அவன் தேத்தண்ணிக்குச் சீனி போட்டுக் கலக்கமாட்டான். உள்ளங்கையில் வைத்து நக்கி நக்கிக் குடிப்பான். அசறுக்குப் பிறகு அங்கே வாறன். எனக்கும் சீனியைக் கையில் தா.’

முஸ்பிறா: …இத நான் தட்டல்ல மதினி. சத்தியமா, நான் இஞ்சதானே இரிக்கன்.

நதீரா: தெரியும். மூண்டு சுழி சரியா விழுந்திரிக்கி.

முஸ்பிறா: அழுறீங்களா, சிரிக்கிறீங்களா?

நதீரா: சீனி இரிக்கா எண்டு பாரு, போ.

முஸ்பிறா: பாக்கன், பாக்கன்… ஆனா மதினி, ஒண்டு கேக்கவா? மீன், சாரன், கோப்பி, இப்ப சீனி. எங்கட காக்காட விசயத்துல உங்களுக்கு ஏன் இவ்வளவு மறதி?

நதீரா: மறந்தது மீன் மட்டும்தான் புள்ள. வலையில பட்டது சூடை எண்டு எழுதிட்டன். ‘சூடை இல்லை, கீரி’ எண்டு ஒருத்தர் வந்து திருத்தினார். அதுக்குப் பிறகு சரியா எழுதின ஒரு பதிவுக்கும் அவர் வரல்ல… அந்தப் பச்சைச் சாரனக் கழுவி, காயப்போட்டு, மடிச்சிக் குடுத்தது நான். எனக்கு நிறம் தெரியாதா? பிழையா எழுதினாத்தானே மாமா கதைக்கிறார்.