நேற்றுச் சிரித்தவள்

இரவு ஏழு மணி இருக்கும். ஆற்றோரச் சாலையில் ஈ காக்கை இல்லை... என்னோடு மூட்டை தூக்குகிறானே, அவனுடைய அக்கா தனியாக நடந்துகொண்டிருந்தாள். கிட்ட வந்து உட்காருங்கள். சத்தமாகச் சொல்கிற கதை இல்லை இது.

சாலை முடிகிற இடத்தில் பழைய துரை வீடு. துரை கப்பலேறிப் போய், துரைசானி அங்கேயே தனியாகச் செத்து, நூறு வருஷம் ஆகிறது. இடிந்து விழாமல் ஊர்க்காரர்களே கூலி வாங்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஆளுக்கு ஓர் அறை. அக்காவின் புருஷன் தச்சர். அவருக்கு வந்தது மாடியில் துரைசானியின் படுக்கையறை.

அதுதான் அக்காவுக்கு வயிற்றெரிச்சல்.

"செத்தவ அலமாரிக்குத் தேன்மெழுகு, உசுரோட இருக்கிறவ கட்டிலுக்கு முட்டுக்கொடுக்கச் செங்கல்லா?" என்று கேட்டே விட்டாள்.

"அவ வாய் பேச மாட்டா. அதான்" என்றாராம். சிரித்துக்கொண்டே!

அலமாரி ஒரு சாக்கு, அங்கே உயிருள்ள எவளோ இருக்கிறாள் என்று அக்காவுக்குச் சந்தேகம். கையும் களவுமாகப் பிடிக்கத்தான் போனாள்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். மரத்தரை தேயாமலிருக்க, உள்ளே போகிறவர்களுக்குத் துணிச் செருப்பு கொடுப்பார்கள். பூட்டும்போது செருப்பை எண்ணுவார்கள். எல்லாம் திரும்பி வந்துவிட்டால், எல்லாரும் வெளியே என்று கணக்கு. அக்கா வெறுங்காலில் பதுங்கி மாடியேறி, திரைக்குப் பின்னால் நின்றாள்.

தேன்மெழுகு வாசனை... துணி தேய்க்கிற சத்தம். சர்... சர்... அறையில் தச்சர் மட்டும்தான். அலமாரியைப் பார்த்தபடியே பேசினார்.

"வந்துட்டியா? இரு புள்ள, ஒரு கை தேய்ச்சிட்டு வர்றேன். சேந்தே போவோம்."

புள்ள... கல்யாணமான புதிதில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார். அப்புறம் மறந்தே போனார். தன்னைத்தான் சொல்கிறாரோ என்று நினைத்தாள். அவரோ இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. யாரிடம் பேசுகிறார் என்று தெரியட்டும் என, அக்கா திரைக்குப் பின்னாலேயே நின்றாள்.

விளக்கு அணைந்தது. படியில் ஒருவர் இறங்கும் சத்தம்... இல்லை, இரண்டு பேர். கீழே செருப்புக் கணக்கு சரியாக இருந்திருக்கும். பூட்டு விழுந்தது.

ஜன்னலுக்கு ஓடினாள். சாலையில் தச்சர் டார்ச் அடித்தபடி போகிறார். தன் காலுக்கு இல்லை, பக்கத்தில் வருகிறவள் காலுக்கு. அக்காவின் சேலை. அக்காவின் நடை. கண்ணாடியை ஓங்கி ஓங்கித் தட்டினாள். அவர் திரும்பவில்லை.

அவள் திரும்பினாள்... அக்காவின் முகம்தான்.

விடிந்து, கூட்டிப் பெருக்க வந்தவர் பூட்டைத் திறந்தார். அக்கா ஒரே ஓட்டமாக வீட்டுக்கு வந்தாள். தச்சர் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"காலங்காத்தால எங்க போய்ட்ட? இப்பத்தான பக்கத்துல படுத்திருந்த?"

கிட்ட வந்து அவள் முகத்தையே பார்த்தார்.

"ராத்திரி சிரிச்சியே புள்ள... அதே மாதிரி இன்னொரு தடவ சிரியேன்."

அக்கா சிரித்துக் காட்டினாள்.

"ம்ஹும்... இது இல்ல."

அதோடு அவர் துரை வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டார். அக்கா ஆசைப்பட்டது நடந்துவிட்டது. ஆனால் அவள் குழாயடிக்குப் போனால் போதும்... உள்ளே தச்சர் யாரிடமோ பேசிப் பேசிச் சிரிப்பது தெருவரைக்கும் கேட்கும். இவள் படியேறினால் நின்றுபோகும்.

இப்போதெல்லாம் அக்கா, தன் வீட்டுக்குள் போகும்முன், கதவைத் தட்டுகிறாள்.